இரவல் உடையும் சொந்த மொழியும்

ஆசியக் கண்டத்தில் கத்தோலிக்கரைப் பெரும்பான்மையினராகக் கொண்ட நாடுகள் இரண்டே. ஒன்று பிலிப்பைன்ஸ், மற்றொன்று 2002இல் விடுதலை பெற்ற கிழக்குத் தீமோர். நம் கடற்கரைப் பங்குகளிலிருந்து கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டவரோடு ஒரே தளத்தில் உழைக்கின்றனர். வளைகுடா நாட்டு ஆலயங்களில் நம்மவரும் அவர்களும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகின்றனர். எனினும் அம்மக்களின் இலக்கியத்தில் ஒரு நூலின் பெயரைச் சொல்லுமாறு கேட்டால் நம்மில் பெரும்பாலோர் மௌனமே காப்போம். ஐரோப்பிய நாவலாசிரியர் பத்துப் பேரின் பெயரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் நாம், வங்கக் கடலுக்கு அப்பால் வாழும் அண்டை வீட்டாரை அறியாதிருக்கிறோம்.

ஓர் ஆசிய மக்களை மற்றோர் ஆசிய மக்கள் எவ்வழியில் அறிவது? எந்த மொழியின் வாயிலாக? எந்த நோக்கத்தோடு? பொதுவாக எழுப்பினால் இவ்வினாக்கள் காற்றில் கரைந்துவிடும். எனவே ஒரு நூலை முன்வைத்து அவற்றைச் சிந்திக்க விழைகிறோம். அந்நூல் ஹோசே ரிசால் எழுதிய ‘நோலி மே தாங்கெரே’ என்னும் புதினம். துறவு சபையினரைக் கடுமையாகச் சாடும் நூல் அது. ஆதலால் இவ்விதழின் வாசகருக்கு அது எளிதான வாசிப்பாக இராது. எளிதாக இராது என்பதே அதனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

நூலும் அதன் பெயரும்

ரிசால் 1861ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் லகூனா மாநிலத்துக் கலம்பா என்னும் ஊரில் பிறந்தவர். மணிலாவில் இயேசு சபையினரின் கல்லூரியில் பயின்றார். பின்பு ஐரோப்பா சென்று கண் மருத்துவரானார். அவருடைய முதற் புதினம் 1887இல் பெர்லின் நகரில் அச்சேறியது. அச்சுக்கூலிக்குப் பணமின்றி அவர் தவித்த வேளையில் நண்பர் மாக்சிமோ வியோலா 300 பெசோ கடனாக அளித்தார். 2000 படிகள் வெளிவந்தன. அதன் தொடர்ச்சியாகிய ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வெளியாயிற்று. 1896 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்பானிய அரசு மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு வயது 35.

நூலின் பெயர் இலத்தீன் விவிலியத்திலிருந்து எடுக்கப்பட்டது. உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவிடம் கூறும் சொற்கள் அவை; ‘என்னைத் தொடாதே’ என்பது பொருள். ரிசால் தம் கடிதமொன்றில் இதனை லூக்கா நற்செய்தியினது எனக் குறிப்பிட்டார். உண்மையில் அது யோவான் 20:17இல் உள்ளது. ஆனால் மருத்துவராகிய அவருக்கு அச்சொற்கள் வேறொன்றையும் உணர்த்தின. முகத்தில் தோன்றும் கொடிய புற்றுப்புண்ணுக்கு அக்கால மருத்துவர் இட்ட பெயரும் அதுவே. தொட்டால் வலிக்கும் என்பதற்காக எவரும் தொடத் துணியாத புண். தம் நாட்டின் புண்ணை மூடி மறைக்காமல் அனைவர் முன்னும் திறந்து காட்டுவதே தம் எண்ணம் என்று அவர் முன்னுரையில் உரைக்கிறார்.

கதையைச் சுருங்கக் கூறலாம். ஐரோப்பாவில் கல்வி பெற்ற கிறிசோஸ்தோமோ இபார்ரா ஏழாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புகிறான். தந்தை சிறையில் மாண்டதையும், பங்குத்தந்தையாக இருந்த தாமாசோ அடிகளின் ஆணையால் அவரது உடல் கல்லறையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டதையும், அதைச் சுமந்து சென்றோர் மழைக்கு அஞ்சி ஏரியில் எறிந்துவிட்டதையும் அறிகிறான். அவன் பழிவாங்க நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்ட நினைக்கிறான். அதுவும் முடியாமற் போகிறது. அவன் மணக்கவிருந்த மரியா கிளாரா கன்னியர் மடம் புகுகிறாள். திருடினார்கள் என்று பழி சுமத்தப்பட்ட கோயிற் சிறுவர் இருவரின் தாய் சீசா, சித்தம் கலங்கித் தெருவில் அலைகிறாள். இபார்ரா தேடப்படும் குற்றவாளியாகித் தப்பி ஓடுகிறான். இரண்டாம் புதினத்தில் அவனே சிமோன் என்ற பெயரில், நகை வணிகனாக, வன்முறையை நாடி வருகிறான்.

மொழியே கதை

இந்நூலைத் துறவியரைச் சாடும் நூல் என்று மட்டும் கூறுவோர் பாதி உண்மையே கூறுகின்றனர். நாம் வாசித்த அளவில் இதன் உள்ளுறை மொழி. யார் எம்மொழியில் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், கேட்பவர் எதைப் புரிந்துகொள்கிறார் என்பதே பக்கத்துக்குப் பக்கம் நிகழும் நாடகம்.

வரலாற்றுப் பின்னணி இங்குத் தேவை. 1565 முதல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஸ்பெயின் ஆண்டபோதும், இலத்தீன் அமெரிக்காவில் வேரூன்றியதுபோல் ஸ்பானிய மொழி பிலிப்பைன்சில் வேரூன்றவில்லை. மறைபரப்புப் பணியாளரே தகாலோக், விசயா, இலோக்கானோ முதலிய மக்கள் மொழிகளைக் கற்று அவற்றில் போதித்தனர். 1593இல் மணிலாவில் அச்சான ‘தொக்ட்ரினா கிறிஸ்தியானா’ ஸ்பானியத்திலும் தகாலோக்கிலும், அம்மக்களின் பண்டைய ‘பைபாயின்’ எழுத்திலும் அமைந்தது. 1578இல் கொல்லத்தில் அன்றிக்கே அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது இது. இரண்டும் ஒரே மறைபரப்பு உந்துதலின் பிள்ளைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

மக்கள் மொழியைக் கற்ற பணியாளரை நாம் போற்றுவோம். ரிசால் அங்கேதான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். முதல் அதிகாரத்திலேயே, விருந்தொன்றில், தாமாசோ அடிகள் தம் பெருமையைப் பேசுகிறார். தகாலோக் சரிவரப் புரியாத காலத்திலேயே பெண்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கத் தொடங்கிவிட்டாராம். ஆயினும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்களாம்! நகைச்சுவையாக வரும் இவ்விடம் ஒரு குருவின் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். தன் உள்ளத்தின் ஆழத்தைத் திறந்து காட்ட வந்தவளின் மொழியை அறியாமலேயே அவளை அறிந்துவிட்டதாக எண்ணும் செருக்கு அது.

பின்னர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் வருகிறார். பிள்ளைகளுக்கு ஸ்பானியம் கற்பிக்க முயல்கிறார். அடிகளை ஒருநாள் ஸ்பானிய மொழியில் வணங்குகிறார். இரவல் உடை உடுத்தி வராதே, உன் சொந்த மொழியே உனக்குப் போதும் என்ற கருத்தில் அடிகள் அவரை ஏளனம் செய்கிறார். இச்சொற்களை மேடையில் ஒருவர் முழங்கினால் நாமே கைதட்டியிருப்போம். தாய்மொழிப் பற்றின் குரல் போலவே ஒலிக்கிறது அல்லவா? ஆனால் சட்டமும் நீதிமன்றமும் பட்டப்படிப்பும் ஸ்பானியத்தில் இருக்க, ‘உனக்கு உன் மொழி போதும்’ என்பது கதவை அடைக்கும் சொல்லாகிறது. ஒரே வாக்கியம், சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அன்பாகவும் ஆணவமாகவும் மாறும் என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய எழுத்து அரிது.

ஊர்த் திருவிழாவில் தாமாசோ அடிகளின் மறையுரை இன்னும் கூர்மையானது. இலத்தீனில் தொடங்கி, முற்பகுதியை ஸ்பானியத்திலும் பிற்பகுதியைத் தகாலோக்கிலும் நிகழ்த்துகிறார். ஸ்பானியப் பகுதியில் மக்கள் பலர் உறங்குகின்றனர். விழித்திருப்போர் காவற்படை, கொள்ளையர், புனிதர் என ஆங்காங்கே பிடிபடும் சில சொற்களைக் கொண்டு தாமே ஒரு மறையுரையைப் புனைந்துகொள்கின்றனர். தகாலோக் பகுதியை அடிகள் முன்தயாரிப்பின்றியே பேசுகிறார். அம்மொழியில் வல்லவர் என்பதால் அன்று, நாட்டுப்புறத்தாருக்குச் சொல்நயம் தெரியாது என்ற துணிவால். விசென்ட்டே ரஃபேல் என்னும் வரலாற்றாசிரியர் 1988இல் வெளியிட்ட நூலை இக்காட்சியைக் கொண்டே தொடங்குகிறார். மதமாற்றத்தையும் மொழிபெயர்ப்பையும் ஆராயும் அந்நூலில், மக்கள் சொற்களை மீன்பிடிப்பது போலப் பிடித்துத் தமக்குரிய பொருளைச் செய்துகொண்டனர் என்று அவர் காட்டுகிறார். வாரந்தோறும் மறையுரை ஆற்றும் நாம், நாம் சொன்னது எது, மக்கள் கேட்டது எது என்று ஆராய்ந்தால் இக்காட்சி பழங்கதை அன்று என்பதை உணர்வோம்.

இவற்றிற்கு எதிர்முனையில் இருவர் நிற்கின்றனர். ஒருவர், படைத்தலைவரின் மனைவி தோஞா கொன்சொலாசியோன். தகாலோக்குப் பெண்ணாகிய இவர் அம்மொழியே தமக்குத் தெரியாதது போல் நடிப்பவர். ஐரோப்பியப் பெண்மணியாகத் தோன்றும் ஆவலில் ஸ்பானியத்தைச் சிதைத்துப் பேசுபவர். தம் நாட்டின் பெயரைக்கூட அம்மொழியில் சரியாக உச்சரிக்க இயலாதவர். சித்தம் கலங்கிய சீசாவைப் பிடித்து வந்து, சாட்டையை ஓங்கிப் பாடச் சொல்கிறார். சீசா தகாலோக்கில் ஒரு சோகப் பாடலைப் பாடுகிறாள். அப்பாடல் அந்தக் கொடியவரின் நெஞ்சையும் தொட்டுவிடுகிறது. பாட்டை நிறுத்தச் சொல்லி அவர் அலறும்போது வாயில் வருவது பிழையற்ற தகாலோக். மறைத்து வைத்த தாய்மொழி வலியின் கணத்தில் வெளிப்பட்டு விடுகிறது. நூல் முழுவதிலும் நம்மை அதிகம் உலுக்கியது இக்காட்சியே.

மற்றொருவர், ஊரார் பித்தன் என்றும் மெய்யறிஞன் என்றும் அழைக்கும் முதியவர் தாசியோ. அவர் எகிப்தியச் சித்திர எழுத்துப் போன்ற குறிகளில் எழுதிக்கொண்டிருக்கிறார். எம்மொழியில் எழுதுகிறீர் என்று இபார்ரா வினவ, தகாலோக்கில் என்கிறார். அப்படியாயின் இக்குறிகள் எதற்கு? இத்தலைமுறை படிக்கக்கூடாது என்பதற்காக. தாம் எழுதுவது வருங்காலத்தவர்க்காக. தன் மொழியில் எழுதியும் தன் காலத்துக்கு மறைத்து எழுதும் இம்முதியவரே ரிசாலின் உண்மைச் சாயல் என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் ரிசால் தம் மக்களுக்காக எழுதிய இரு புதினங்களையும் அம்மக்களில் மிகச் சிலரே படிக்கக்கூடிய ஸ்பானியத்தில் எழுதினார். மூன்றாம் புதினம் ஒன்றைத் தகாலோக்கில் தொடங்கினார், தொடர இயலாமல் மீண்டும் ஸ்பானியத்துக்கே திரும்பினார், அதுவும் முற்றுப்பெறவில்லை. தாய்மொழியை நேசித்தவரின் கையிலும் அம்மொழி வழுக்கியது. காலனி ஆட்சி கற்றவனுக்கு இழைக்கும் தீங்குகளில் இது நுட்பமானது.

குருவாக இருந்து வாசித்தல்

நூலுக்குக் குறைகள் உண்டு. மரியா கிளாரா உயிருள்ள பெண்ணாக அமையவில்லை. கண்ணீரும் மயக்கமுமாக நம் முன் கடந்து செல்கிறாள். உரையாடல்கள் சில இடங்களில் சொற்பொழிவுகளாக நீள்கின்றன. முதற் புதினத்தில் அடிகளார் தாமாசோவும் சால்வியும் இழிவின் உருவங்களாகவே நிற்கின்றனர். அவர்களை எதிர்கொள்ளத்தக்க ஒரு நல்ல துறவியைக் காணோம். அதே துறவு சபையினர் அம்மொழிகளுக்கு இலக்கணமும் அகராதியும் இயற்றிய உழைப்பு அங்கே நிழலாகவும் வருவதில்லை.

ஆனால் இக்குறையை ஆசிரியரே உணர்ந்தார் போலும். இரண்டாம் புதினத்தில் மாணவனோடு நேர்மையாக வாதிடும் தொமினிக்கன் துறவி ஃபெர்னாந்தெஸ் வருகிறார். இறுதியில், கடலோரத் தனி வீட்டில் வாழும் மண்ணின் மைந்தரான குரு ஃப்ளோரெந்தினோ வருகிறார். நஞ்சுண்டு இறக்கும் சிமோனின் வாக்குமூலத்தைக் கேட்பவர் அவரே. மக்களைக் கெடுக்கப் பயன்பட்ட நகைப் பேழையைப் பசிபிக் பெருங்கடலில் எறிபவரும் அவரே. திருச்சபையின் மீது இத்தனை சீற்றங் கொண்ட நூல் தன் கடைசிச் சொல்லை ஒரு குருவின் வாயில் வைத்தது ஏன் என்று அந்நாளைய கண்டனக்காரர் சிந்தித்திருக்கலாம். அந்நூல் கோமெஸ், புர்கோஸ், சமோரா என்னும் மூன்று குருக்களுக்குப் படைக்கப்பட்டது. 1872 பிப்ரவரி 17 அன்று, கவித்தே படைமுகாம் கலகத்தில் தொடர்புடையோர் என்று அரசால் குற்றஞ்சாட்டப்பட்டுக் கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். புர்கோசோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் ரிசாலின் அண்ணன் பாசியானோ. ரிசாலின் சினம் திருச்சபைக்கு வெளியிலிருந்து வந்ததன்று. நிலவுடைமையும் பங்குகளின் ஆட்சியும் ஐரோப்பியத் துறவியரிடமே குவிந்திருந்த அமைப்புக்கு எதிராக, திருச்சபைக்கு உள்ளிருந்தே எழுந்த முறையீடு அது. கலம்பாவில் அவர் குடும்பம் குத்தகைக்கு உழுத நிலம் துறவு சபையொன்றின் உடைமை. அங்கிருந்து குடியானவர்களோடு அக்குடும்பமும் வெளியேற்றப்பட்டது.

1956இல் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தில் ரிசாலின் வாழ்வையும் நூல்களையும் பள்ளி கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கும் மசோதா வந்தபோது, அந்நாட்டு ஆயர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இந்நூல்கள் விசுவாசத்துக்கு ஊறு செய்யும் என்றனர். செனட்டர் கிளாரோ ரெக்தோவும் அவரைச் சார்ந்தோரும் பதிலடி கொடுத்தனர். இறுதியில், சமய நம்பிக்கையை முன்னிட்டு மாணவர் விலக்குக் கோரலாம் என்ற இணக்கத்தோடு 1956 ஜூன் 12 அன்று அது குடியரசுச் சட்டம் 1425 ஆயிற்று.

அந்த எதிர்ப்பை இன்று எவ்வாறு மதிப்பிடுவது? மந்தையைக் காக்கும் கவலை அதில் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அது தவறான வாசிப்பு என்றே கூறவேண்டும். புண்ணைக் காட்டும் கையைப் புண்ணுக்குக் காரணமாகக் கருதியது அது. அடுத்த பத்தாண்டிற்குள், 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, தன்னை எதிர்ப்போரிடமிருந்தும் திருச்சபை பெரும்பயன் அடைந்துள்ளது என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. சங்கத்தின் அச்சொற்களை மனத்தில் கொண்டு நோலியைப் படித்தால், அது விசுவாசத்தைக் குலைக்கும் நூலாகத் தோன்றாது. குருக்களாகிய எமக்கு ஆன்ம சோதனையாகத் தோன்றும். ரிசால் இறப்பதற்கு முன் தம் எழுத்துகளைத் துறந்தாரா இல்லையா என்ற சர்ச்சை, 1935இல் அதற்கான ஆவணம் கண்டெடுக்கப்பட்ட பின்னும் தீர்ந்தபாடில்லை. அவர் துறந்தார் என்றே வைத்துக்கொண்டாலும் சீசாவின் கண்ணீர் பொய்யாகிவிடாது.

மொழிபெயர்ப்பு என்னும் திரை

சட்டம் வந்தது, நூல் பாடமாயிற்று. ஆனால் மாணவர் படித்தது எது? 1898இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் இரண்டு கோடி டாலர் பெற்றுக்கொண்டு அத்தீவுகளை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. 1901இல் ‘தாமஸ்’ என்னும் கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க ஆசிரியர் வந்திறங்கினர். ஆங்கிலம் கல்வி மொழியாயிற்று. இரண்டு தலைமுறைகளுக்குள் ரிசாலின் பேரர்கள் ரிசாலைப் படிக்க இயலாதவர் ஆயினர். ஆங்கிலக் கல்வி பிலிப்பைன்ஸ் மக்களை அவர்தம் கடந்த காலத்திலிருந்து துண்டித்தது என்று ரெனாட்டோ கான்ஸ்டான்டினோ 1966இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஸ்பானியத்துக்கு இருந்த ஆட்சிமொழித் தகுதியை நீக்கியது. தகாலோக்கை அடித்தளமாகக் கொண்ட ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும் நிலைத்தன. தாசியோவின் சித்திர எழுத்து மெய்யாகிவிட்டது. எழுதியவர் மறைக்க எண்ணியதால் அன்று. வாசகரின் கையிலிருந்து மொழி பறிக்கப்பட்டதால்.

மொழிபெயர்ப்புகளில் பெரிதும் பரவியது லியோன் மரியா கெரேரோ 1961இல் ஆங்கிலத்தில் தந்த பதிப்பு. நடையழகு மிக்கது. பெனடிக்ட் ஆண்டர்சன் என்னும் அறிஞர் தேசியம் பற்றி 1983இல் எழுதி உலகப் புகழ் பெற்ற நூலில், நோலியின் தொடக்கப் பக்கத்தைச் சான்றாக எடுத்து ஆராய்ந்தார். அவர் கைக்கொண்டது கெரேரோவின் ஆங்கிலம். பின்னர் ஸ்பானியம் கற்று மூலத்தைப் படித்தபோது இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கண்டு திகைத்தார். 1991ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் தாம் ஸ்பானியம் அறியாமல் அம்மொழிபெயர்ப்பைச் சார்ந்திருந்ததை வெளிப்படையாகக் குறித்தார். அதன்பின் எழுதிய கட்டுரையொன்றில் கெரேரோ செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். மூலத்தில் ரிசால் வாசகரை நேரே விளித்து, கையைப் பற்றி விருந்து வீட்டின் படியேற்றுகிறார். மொழிபெயர்ப்பில் அவ்விளி மங்கிவிடுகிறது. மூலத்தில் நிகழ்காலத்தில் இருப்பவை இறந்தகாலத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஸ்பானியத்தினூடே ரிசால் தூவிய தகாலோக்குச் சொற்கள் களையப்படுகின்றன. கூர்மையான கேலிகள் மழுங்கடிக்கப்படுகின்றன.

தகாலோக்கைக் களைவது சிறு குற்றமன்று. மொழிகளின் மோதலே உள்ளுறையாக உள்ள நூலில் அம்மோதலின் ஒரு தரப்பையே அப்புறப்படுத்துவது அது. அதனைச் செய்தவர் அயலார் அல்லர். ரிசாலைப் போற்றி வரலாறு எழுதிய அந்நாட்டவரே என்பதுதான் சிந்திக்கத்தக்கது. வணக்கத்திற்குரியவராக உயர்த்தப்பட்ட எழுத்தாளருக்கு இவ்வாபத்து எப்போதும் உண்டு. சிலைக்குக் கூர்முனைகள் ஆகா; எனவே இழைத்து வழவழப்பாக்கி விடுகிறோம். அன்று ஆயர்கள் நூலைத் தள்ளி வைத்தனர். பின்பு பற்றாளர்கள் நூலை மெருகிட்டு வைத்தனர். இரு சாராரிடமும் நூல் தன் குரலில் பேச இயலவில்லை.

பாடுகளின் பாடல்

மொழியைக் கற்றால் எது திறக்கும் என்பதற்கு மற்றொரு நூலைக் காட்ட விரும்புகிறோம். ரெய்னால்டோ இலெத்தோ 1979இல் வெளியிட்ட ‘பாசியோனும் புரட்சியும்’ என்னும் ஆய்வு நூல் அது. 1967 மே மாதத்தில் முதியவர் ஒருவரின் தலைமையில் அரிவாளும் தாயத்தும் ஏந்திய ஏழை உழவர்கள் மணிலாவில் துப்பாக்கி ஏந்திய படையினரை எதிர்கொண்டு, 33 பேர் மாண்டனர். நகரத்தார் அவர்களைப் பித்தர் என்றனர். அவர்கள் எம்மொழியில் சிந்தித்தனர் என்று இலெத்தோ கேட்கிறார். விடை தேடி அவர் சென்றது அரசு ஆவணங்களிடம் மட்டும் அன்று. தவக்காலத்தில் ஊர்தோறும் பாடப்படும் ‘பாசியோன்’ என்னும் தகாலோக்குத் திருப்பாடுகளின் காவியத்திடம்.

மறைபரப்பாளர் அடக்கத்தையும் பொறுமையையும் கற்பிக்க ஊக்குவித்த காவியம் அது. எளிய மக்களோ அதில் வேறொன்றைக் கேட்டனர். ஒரு தச்சர் மகன் தாயைப் பிரிந்து, செல்வரும் கற்றோரும் இகழ, தோழர் சிலரோடு ஒளியை நோக்கி நடக்கிறார் என்று கேட்டனர். ஆந்த்ரெஸ் போனிஃபாசியோ 1892இல் தொடங்கிய கதிபுனான் புரட்சி இயக்கம் மக்களைத் தொட்டது இச்சொல்வளத்தாலேயே என்பது இலெத்தோவின் கருத்து. ‘தாமாய்’ என்றால் பிறர் துயரில் பங்கேற்றல். ‘லிவானாக்’ என்றால் ஒளி. ‘லோஓப்’ என்றால் உள். இக்கடைசிச் சொல்லை விளக்க ஆங்கில ஆய்வாளர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியுள்ளது. நமக்கோ ‘அகம்’ என்ற ஒரு சொல் போதும். உட்புறத்தையும் உள்ளத்தையும் அதுவும் ஒருங்கே சுட்டுகிறது. வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தோர்க்கு, பாடுகளின் பாட்டில் தம் துயரைக் கேட்கும் மக்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆசியர் ஆசியரை நேரே அறிவதன் பயன் இதுவே. நடுவில் நிற்கும் மூன்றாம் மொழிக்குக் கடினமாவது நமக்கு எளிதாதல் கூடும்.

இலெத்தோவின் முறைக்கும் வரம்பு உண்டு. காவியத்தில் ஒரு கருத்து இருப்பதாலேயே அதைப் பாடிய ஒவ்வோர் உழவர் நெஞ்சிலும் அது இருந்தது என்று நிறுவ இயலாது. பசியும் வரியும் நிலப் பறிப்பும் புரட்சிக்கு இழைத்த பங்கைச் சொல்லாராய்ச்சி மறைத்துவிடவும் கூடாது. எனினும், பித்தர் எனத் தள்ளப்பட்டோரின் பேச்சில் ஒழுங்கும் பொருளும் உண்டு என்று காட்டியமை பெரும்பணி.

மொழியறிவு மட்டும் போதுமா?

மொழியைக் கற்பதே தீர்வு என்று முடித்துவிட்டால் தாமாசோ அடிகள் நம்மைப் பார்த்து நகைப்பார். மூன்று நூற்றாண்டுகள் துறவியர் மக்கள் மொழியைக் கற்றனர். அவ்வறிவே ஆளும் கருவியும் ஆயிற்று. நம் காலத்திலும் இது மாறவில்லை. தென்கிழக்கு ஆசியா என்னும் பெயரில் ஒரு தனிக் கல்வித்துறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்ததற்கு, அப்பகுதியின் அரசியலைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் அந்நாட்டின் கவலையும் ஒரு காரணம். ஆயினும் அத்துறையின் தலைசிறந்த மையமாகிய கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்தே ஆண்டர்சனும் இலெத்தோவும் ரஃபேலும் வந்தனர். இந்தோனேசியாவின் 1965ஆம் ஆண்டு நிகழ்வுகள் பற்றி அரசின் கூற்றை ஐயுற்று எழுதியதால் ஆண்டர்சன் 1972 முதல் 1998 வரை அந்நாட்டுக்குள் நுழைய இயலாதவர் ஆனார். ஒரே கல்வி ஒருவரை ஆள்வோரின் பக்கமும் மற்றவரை ஆளப்படுவோரின் பக்கமும் நிறுத்துகிறது. வேறுபாடு அகராதியில் இல்லை; எதற்காகச் செவிமடுக்கிறோம் என்பதில் உள்ளது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குருவுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஒருவரைப் பற்றி அறிந்துகொள்ளக் கேட்பது ஒன்று. அவர் சொல்லக் கேட்பது வேறொன்று. முன்னதில் நாம் முடிவோடு அமர்கிறோம். பின்னதில் முடிவு நம்மையும் மாற்றக்கூடும் என்ற அச்சத்தோடு அமர்கிறோம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1970இல் மணிலாவுக்கு வந்தபோது ஆசிய ஆயர்கள் அங்கே கூடினர். அதன் கனியாக உருவான ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1974இல் தைப்பேயில் பண்பாடுகளோடும் சமயங்களோடும் ஏழைகளோடும் உரையாடலைத் தன் பணியாக அறிவித்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆசியரோடு உரையாட நாம் கற்ற ஆசிய மொழி எது?

நம் குருத்துவப் பயிற்சியில் இலத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் எபிரேயத்துக்கும் இடமுண்டு. அவை இருக்க வேண்டியவையே. தகாலோக்கோ, சிங்களமோ, இந்தோனேசிய மொழியோ, ஏதேனும் ஒன்றை ஆண்டுக்கு இருவராவது கற்கலாகாதா? நம் கல்லூரித் தமிழ்த் துறைகள் ரிசாலை ஸ்பானிய மூலத்திலிருந்து, தகாலோக்குச் சொற்களைக் களையாமல், குறிப்புகளோடு தமிழில் தர முயலலாகாதா? பெருந்திட்டங்கள் வேண்டியதில்லை. கப்பலிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பங்கு இளைஞரிடம், உடன் உழைக்கும் பிலிப்பைன்ஸ் நண்பர் துயருறும்போது எம்மொழியில் பாடுகிறார் என்று கேட்பதிலிருந்தும் தொடங்கலாம்.

தாசியோ தம் சித்திர எழுத்தை வருங்காலத்தவரிடம் ஒப்படைத்தார். அவ்வருங்காலத்தவர் அவருடைய நாட்டவராக மட்டுமே இருக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை.